முன்பணம் யார் பேரில்?

திருவண்ணாமலையில் கடை வாடகைக்குக் கேட்டால், வாடகைக்கு முன்பே அட்வான்ஸ் பேச்சு வந்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையையும் பௌர்ணமிக் கூட்டத்தையும் காட்டி அது ஏறும். தையல் கடை வைக்க நினைக்கும் ஒரு பெண்ணிடம் மாத வாடகை 8,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 80,000 ரூபாய். அவள் நகைதான் அடகுக் கடைக்குப் போய்ப் பணமாகி வர வேண்டும். அடகுக்கு அவள் வட்டி கட்டுவாள். அட்வான்ஸுக்கு அவளுக்கு யாரும் வட்டி தரப்போவதில்லை. இல்லாதவள் இருப்பவருக்குத் தரும் இந்த வட்டியில்லாக் கடனை 'ஒரு நம்பிக்கைக்காக' என்கிறோம்.

யாருடைய நம்பிக்கை? வாடகை நின்றுபோகுமோ என்ற உரிமையாளரின் பயத்துக்குப் பணம் ஈடாக இருக்கிறது. பணம் திரும்பாதோ என்ற அவளுடைய பயத்துக்கு அவருடைய வாய்ச்சொல் மட்டுமே ஈடு.

சொத்து உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தனியார் கட்டடங்களில் உள்ள கடைகளுக்கும் அது பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக, முன்பணம் திரும்ப வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. நம் கணக்கில் 24,000 ரூபாய். ஆனால் இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் அந்த வரம்பு இல்லை.

அந்த விலக்கில்தான் என் கேள்வி நிற்கிறது. மறுக்க முடிந்தவர் தருவதே ஒப்புதல். இந்தக் கடையை விட்டால் வேறு கடை இல்லை என்றிருப்பவள் தலையசைப்பதையும் அதே சொல்லால் அழைக்கலாமா? சட்டம் இரண்டு சமமானவர்களைக் கற்பனை செய்கிறது. நம் தெருவில் அவர்கள் சமமாக இல்லை.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். நகை அவளுடையது, உழைப்பு அவளுடையது, ஒப்பந்தத்தில் பெயர் கணவருடையது. கடையைக் காலி செய்யும் நாளில் பணம் பெயருள்ளவர் கைக்குப் போகும். கேட்டால், உரிமையாளர் சொல்லும் அதே வார்த்தையை வீடும் சொல்லும்: "எங்கள நம்பலையா?"

நம்புவதால்தான் எழுதச் சொல்கிறோம். பெயிண்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பீர்கள், வாடகை எப்போது எவ்வளவு ஏறும், பதினோரு மாதம் முடிந்தால் அட்வான்ஸைக் கூட்டிக் கேட்பீர்களா, ரசீது யார் பேரில் என்று கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை. சந்தேகத்தின் விலையை இதுவரை ஒரு தரப்பு மட்டுமே கட்டிவந்தது. எழுத்தில் வைத்தால் அதை இருவரும் பகிர்ந்துகொள்வார்கள். கையெழுத்துப் போடும் முன் பெயர் எழுதும் இடத்தைப் பாருங்கள், பெண்ணே. அங்கே உங்கள் பெயர் இருக்கட்டும்.