பொதுநிலைத் தலைமையாசிரியருக்குத் திருச்சபை படும் கடன்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கத்தோலிக்கப் பள்ளிகளின் தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்களை ஆயத்தம் செய்வதற்கெனச் சில கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் முதுகலைப் பட்டப் படிப்பு நடத்துகின்றன. இந்தியானா மாநிலத்தின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில், வசதி குறைந்த கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை அனுப்புவதற்காக 1993இல் தொடங்கிய இயக்கத்திலிருந்து பின்னர் கிளைத்த தலைமைப் பயிற்சி அவற்றுள் பலரறிந்தது. இதில் சேர்பவர்கள் கோடையில் வளாகத்தில் தங்கிப் படித்து, மற்ற மாதங்களில் தம் பள்ளியிலேயே வேலை பார்த்தபடி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் பட்டம் பெறுகிறார்கள். வரவுசெலவு, பாடத்திட்டம், ஆசிரியர் மேற்பார்வை ஆகியவற்றோடு செபமும் இறையியலும் அங்கே இடம்பெறுகின்றன. தலைமையாசிரியப் பணி ஓர் இறையழைத்தல், அதாவது பிழைப்புக்கான வேலை என்பதற்கும் மேலாகக் கடவுள் ஒருவரிடம் ஒப்படைக்கும் ஊழியம் என்பது இத்தகைய பயிற்சிகளின் அடிப்படை நம்பிக்கை. அந்த நம்பிக்கையை ஒருவர் மனத்தில் வேரூன்றச் செய்யும் திருச்சபை அதனால் அவருக்கு எதற்கெல்லாம் கடன்படுகிறது என்பது, பயிற்சியின் பாடத்திட்டத்தைவிட முந்தி எழ வேண்டிய அறக்கேள்வி.

கேள்வியின் வேர் வரலாற்றில் இருக்கிறது. 1884இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் மூன்றாம் பேரவை, பங்குதோறும், அதாவது ஒரு கோயிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகம் ஒவ்வொன்றிலும், பள்ளி இருக்க வேண்டும் என்று பணித்தபோது, அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்து குடியேறிய ஏழைக் குடும்பங்களிடம் அதற்கான பணம் இல்லை. அந்தப் பள்ளிகளை நிலைநிறுத்தியவர்கள் துறவற சபைகளின் அருட்சகோதரிகளே. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று வார்த்தைப்பாடுகளைக் கொடுத்திருந்த அவர்கள், பொதுநிலை ஆசிரியர், அதாவது குருவோ துறவியோ அல்லாத ஆசிரியர், ஒருவரின் சம்பளத்தில் சிறு பங்கே ஆன உதவித்தொகைக்கு வாழ்நாள் முழுதும் உழைத்தார்கள். 1960களின் நடுவில் 50 லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்த அந்தப் பெரும் அமைப்பைத் தாங்கி நின்றது அந்த உழைப்புதான்.

அவர்களுடைய ஆயத்தமும் முழுமையாக நடந்ததில்லை என்பதை மறைப்பது நியாயமாகாது. சபையில் புதிதாகச் சேர்பவர்கள் பயிலும் நவதுறவகத்தில் ஆன்மிக உருவாக்கம் முறையாக நடந்தாலும், ஆசிரியருக்குரிய கல்வி முடியும் முன்பே இளம் சகோதரிகள் வகுப்பறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஒரு பட்டத்தைக் கோடைதோறும் சிறிது சிறிதாகப் படித்து முடிக்கப் பலருக்குப் பத்தாண்டுகளுக்கு மேலும் ஆயிற்று. படிக்க விட்டால் வகுப்புக்கு ஆள் போதாது, சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிவரும் என்பதே தடையாக இருந்தது. 1954இல் அருட்சகோதரிகள் தாமே முன்னின்று உருவாக்கிய சகோதரிகள் உருவாக்க மாமன்றம், முதலில் கல்வி, பிறகு பணி என்று கேட்டது. பயிற்சியின்றி ஒருவரைப் பொறுப்பில் அமர்த்துவது அவருக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கும் அநீதி என்பதை அவர்கள் அப்போதே உணர்ந்திருந்தார்கள். குறைந்த உதவித்தொகையின் விளைவு இன்னும் பின்னால்தான் வெளிப்பட்டது. முதுமையடைந்த துறவியரைப் பராமரிக்கச் சபைகளிடம் போதிய சேமிப்பு இல்லாததால், 1988 முதல் நாடெங்கும் கோயில்களில் அவர்களுக்கென ஆண்டுதோறும் காணிக்கை எடுக்கப்படுகிறது. மலிவாகத் தோன்றிய கல்விக்கு உண்மையில் யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்று அப்பள்ளிகளின் ஆசிரியர்களிலும் தலைமையாசிரியர்களிலும் மிகப் பெரும்பாலோர் பொதுநிலையினர். இவர்களுக்கு வீட்டுக்கடன் உண்டு, பிள்ளைகள் உண்டு, பெற்றோரின் மருத்துவச் செலவு உண்டு. துறவியின் அர்ப்பணிப்பை இவர்களிடம் எதிர்பார்க்கும்போது, துறவிக்குச் சபை எவ்வளவு குறைவாகவேனும் தந்த கூரையும் உணவும் கூட்டுவாழ்வும் இவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது எளிதில் மறந்துபோகிறது.

சட்டம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. திருச்சபை நடத்தும் பள்ளிகளின் பொதுநிலை ஆசிரியர்கள்மீது தேசியத் தொழிலுறவு வாரியத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், தொழிற்சங்கம் அமைப்பதற்கான கூட்டாட்சிச் சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லாமற்போயிற்று. சமய ஊழியர் விலக்கு என்னும் கோட்பாடும் உண்டு. ஒரு சமய அமைப்பு தன் சமயப் பணியை ஆற்றும் ஊழியரைத் தேர்வதிலும் நீக்குவதிலும் நீதிமன்றம் தலையிடாது என்பது அதன் பொருள். கலிஃபோர்னியாவின் இரண்டு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளிகளில், வயதின் காரணமாக நீக்கப்பட்டதாக ஓர் ஆசிரியரும், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு விடுப்புக் கேட்டபின் நீக்கப்பட்டதாக மற்றோர் ஆசிரியரும் தொடுத்த வழக்குகளில், பள்ளிகள் அக்குற்றச்சாட்டுகளை மறுத்தன. அவை உண்மையா என்று ஆராயாமலேயே, மறைக்கல்வி கற்பித்தவர்கள் என்பதால் அவ்வழக்குகளை விலக்கு தடுக்கிறது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் முடிவு செய்தது. ஆசிரியருக்கே இந்நிலை என்றால், செபத்தை முன்னின்று நடத்தவும் பள்ளியின் விசுவாச வாழ்வுக்குப் பொறுப்பேற்கவும் பட்டம் பெற்ற தலைமையாசிரியர் இந்த விலக்குக்கு வெளியே நிற்பது அரிது. ஊழியராக எவ்வளவு நன்றாக உருவாக்கப்படுகிறாரோ அவ்வளவுக்குத் தொழிலாளராகப் பாதுகாப்பை இழக்கிறார்.

விசுவாசத்தைக் கற்பிப்பவர் யார் என்பதை அரசு தீர்மானிக்கக் கூடாது என்னும் கொள்கை சரியானதே. ஆயினும் நீதிமன்றம் கேட்க முடியாத கேள்வியை மனச்சான்று கேட்க முடியும்; திருச்சபையின் சொந்தப் போதனை அதைக் கேட்கவும் செய்கிறது. நியாயமான கூலியைத் தொழிலாளரின் உரிமையாகத் திருத்தந்தை 13ஆம் லியோ 1891இல் அறிவித்தார். பொருளாதார நீதி குறித்து 1986இல் வெளியிட்ட மேய்ப்புப்பணி மடலில் அமெரிக்க ஆயர்கள், போதிய ஊதியம் தருவதும் சங்கம் சேரும் உரிமையை ஏற்பதும் திருச்சபை நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்று தம்மையும் சேர்த்தே எழுதினார்கள். வெளி உலகின் முதலாளிகளுக்குச் சொல்லப்பட்ட அறம் பங்குப் பள்ளியின் அலுவலக வாசலில் நின்றுவிட முடியாது.

இதற்கு எதிரான வாதம் வலுவானது. பங்குப் பள்ளிகளை நடத்தும் செலவில் பெரும்பகுதி பெற்றோரின் கட்டணத்தையும் பங்கு மக்களின் காணிக்கையையுமே நம்பியிருப்பதால், ஊதியத்தை உயர்த்தினால் கட்டணம் உயரும், கட்டணம் உயர்ந்தால் எந்த ஏழைகளுக்காகப் பள்ளி எழுந்ததோ அவர்களே முதலில் வெளியேறுவார்கள். இந்தத் துயரம் கற்பனை அல்ல; நகரங்களின் ஏழைப் பகுதிகளில் எத்தனையோ பங்குப் பள்ளிகள் மூடப்பட்டுவிட்டன. ஆனால் ஏழைப் பிள்ளையின் கல்விக்கான செலவை ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள மறைமாவட்டம் முழுதும், வசதியான பங்குகள் உட்பட, பகிர்ந்துகொள்ள முடியும்போது, அதை ஒரு தலைமையாசிரியரின் குடும்பத்தின் தோளில் மட்டும் ஏற்றுவதை ஏழைகள் மீதான அன்பு என்று சொல்ல இயலாது. தியாகம், அதைச் செய்பவர் தாமே கொடுக்கும்போதுதான் தியாகமாகிறது; ஒப்பந்தத்தில் சேர்த்துக் கேட்கப்பட்டால் அது குறைகூலியே.

ஆகவே பல்கலைக்கழகப் பயிற்சி இருவகையில் விரிவடைய வேண்டும். தாம் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எந்தப் பாதுகாப்பு இருக்கிறது, எது இல்லை என்பதைத் தலைமையாசிரியராக வரப்போகிறவர் படித்து அறிய வேண்டும்; நீதிமன்றத்துக்குப் பதிலாக, பணிநீக்கத்தை விசாரிக்கும் நடுநிலைக் குழு மறைமாவட்டத்திலேயே இருக்கும்படி கேட்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது, பல பங்குப் பள்ளிகளில் அவரை நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ள பங்குத்தந்தையையும் அதே வகுப்பறையில் அமர்த்துவது. இறையியல் கற்ற குருக்களுக்கு, வேலை தருபவராக இருப்பதன் கடமைகள் குருமடத்தில் மிகக் குறைவாகவே சொல்லித் தரப்படுகின்றன. பணி செய்பவருக்கு மட்டும் இரண்டு ஆண்டுகள் உருவாக்கம் தந்து, பணி கொடுப்பவருக்கு அது தேவையில்லை என்று விடும் வரை அப்பயிற்சி பாதியில் நிற்கிறது.