எல்லோரும் ஒரே அளவில் தேற வேண்டுமா?

ஒரு நாட்டின் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், குறித்த ஆண்டுக்குள் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று சட்டம் போடலாமா? போட்டும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ் 2002 ஜனவரி 8இல் கையெழுத்திட்ட சட்டம் அது. எந்தக் குழந்தையும் பின்தங்கலாகாது என்பதே அதன் பெயர். இரு கட்சியாரும் சேர்ந்தே நிறைவேற்றினர். செனட் சபையில் ஆதரவு 87, எதிர்ப்பு 10. 2014க்குள் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்பது இலக்கு.

கேலி செய்வது சுலபம். அதற்கு முன் இதன் நியாயத்தையும் நாம் பார்த்துவிடுவோம். அதுவரை பள்ளிகள் சராசரியைக் காட்டித் தப்பித்து வந்தன. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஏழைகளும், கறுப்பினப் பிள்ளைகளும், ஆங்கிலம் அறியாது வந்து சேர்ந்த குடியேறிகளின் பிள்ளைகளும் மறைந்து போயினர். ஒவ்வொரு பிரிவினரின் முடிவையும் தனித்தனியே காட்ட வேண்டும் என்று இச்சட்டம் கட்டளையிட்டது. எல்லோராலும் முடியாது என்றவர்களைப் பார்த்து, அப்படியானால் எந்தப் பிள்ளையை விட்டுவிடச் சொல்கிறீர்கள் என்று அதன் ஆதரவாளர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு முன் நாமும் சற்று வாயடைத்துத்தான் நிற்கிறோம்.

ஆனால் நடந்ததென்ன? தேர்ச்சி என்றால் எவ்வளவு என்பதை அந்தந்த மாநிலமே நிர்ணயித்துக் கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். இலக்கை எட்டாத பள்ளிக்கோ ஆண்டுக்காண்டு கூடிக்கொண்டே போகும் தண்டனை. பிள்ளையை உயர்த்துவது கஷ்டம். அளவுகோலைத் தாழ்த்துவது எளிது. சில மாநிலங்கள் எளிதானதைச் செய்தன. இதைவிடக் கொடுமை ஒன்றும் உண்டு. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்பவனைக் கைதூக்கிவிட்டால் பள்ளியின் கணக்கு உயரும். வெகு கீழே இருப்பவன் எவ்வளவு முன்னேறினாலும், கோட்டைத் தாண்டாதவரை அது பெரும்பாலும் பூஜ்யமே. ஆகவே பல வகுப்புகளில் ஆசிரியரின் கவனம் நடுவிலிருந்தவர்கள் மீது குவிந்தது. யாருக்காகச் சட்டம் வந்ததோ அவன் மறுபடியும் கடைசி பெஞ்சில்!

அட்லாண்டா நகரில் நடந்தது இன்னும் வேதனையானது. மாணவர்களின் தவறான விடைகளை அழித்து, சரியானதை ஆசிரியர்களே குறித்து வைத்தனர். 44 பள்ளிகளில் 178 பேருக்கு இந்த மோசடியில் சம்பந்தமிருந்ததாக மாநில அரசின் விசாரணை அறிக்கை 2011இல் கூறியது. 2015இல் 11 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பொய் பொய்தான், பழி முழுவதையும் சட்டத்தின் தலையில் போட நாம் தயாரில்லை. நகரக் கல்வி நிர்வாகமும் தன் பங்குக்கு இலக்குகள் வைத்து நெருக்கியிருந்தது. ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குத் தெரியும் என்று தாளில் எழுதிவிட்ட பிறகு, அவனுக்குக் கிடைக்க வேண்டிய உதவியும் அல்லவா நின்றுபோகிறது?

கோளாறு எங்கே? தொழுகை எல்லோர் மீதும் கடமை. நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழுகிறார். அதுவும் இயலாதவர் படுத்தபடி தொழுகிறார். கடமை யாருக்கும் தள்ளுபடியாவதில்லை. நிறைவேற்றும் விதம்தான் சக்திக்கேற்ப அமைகிறது. அமெரிக்கச் சட்டமோ விதத்தை ஒன்றாக்கியது. நல்ல ஆசிரியர், புத்தகம், போதிய நேரம், இவற்றைத் தருவது பெரியவர்களின் கடமை. அந்தக் கடமைக்குக் கெடு வைத்திருந்தால் நாம் வரவேற்றிருப்போம். கெடுவோ பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு வைக்கப்பட்டது. பிள்ளைகளின் இயல்பு பலவிதம். உண்மையில் உயரமான கோடு என்றால் யாராவது ஒருவர் அதற்குக் கீழே இருக்கத்தான் செய்வார். எல்லோரும் தாண்டும் கோடு என்றால் அதைத் தாண்டியதில் என்ன இருக்கிறது?

கெடு நெருங்கியபோது, 2012 முதல் நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் விலக்கு வாங்கிக் கொண்டன. வெர்மாண்ட் மாநிலத்துக்கு விலக்கு இல்லை. கல்வியில் அந்நாட்டின் முன்னணி மாநிலங்களில் ஒன்று அது. இருந்தும் 2014இல் தேர்வு எழுதிய அதன் பள்ளிகள் யாவும் தரம் குறைந்தவையாகச் சட்டப்படி முத்திரை குத்தப்பட்டன. மாநிலக் கல்விச் செயலாளர் அந்த முத்திரையை நம்ப வேண்டாமெனப் பெற்றோருக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் 10இல் ஒபாமா கையெழுத்திட்ட புதிய சட்டம் நூற்றுக்கு நூறு என்ற இலக்கைக் கைவிட்டது. ஆண்டுத் தேர்வும், பிரிவு வாரியாக முடிவைக் காட்டும் விதியும் மட்டும் நீடித்தன. அவை நீடித்தது நல்லதென்றே நமக்குப் படுகிறது.