பிசினின் மௌனம்

'களைப்பு' என்ற சொல்லைப் பொருள்களுக்கு வழங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. 'உணர்கிறது' என்பதில்தான் தகராறு.

கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து இறுக்கிய கலப்புப்பொருள் தன் சேதத்தைத் தானே உணரும் என்கிறார்கள். இழை மின்சாரம் கடத்தும். சுமை ஏறினால் அதன் மின்தடை (நம் ஊர் மின்வெட்டு அல்ல) சற்று மாறும், இறங்கினால் திரும்பும். இழைகள் அறுந்தால் திரும்பாது. திரும்பாமல் நின்றுவிட்ட பகுதிதான் செய்தி.

திரவ ஹைட்ரஜனின் குளிர் -253 டிகிரி செல்சியஸ். மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டு, 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-5இல் பறந்த நம் கிரையோஜெனிக் எஞ்சினுக்கு அதைச் சுமந்தது உலோகத் தொட்டி. அமெரிக்கர்கள் எடையைக் குறைக்க எக்ஸ்-33க்குக் கார்பன் இழைத் தொட்டி செய்தார்கள். அந்தக் குளிரில் பிசின் சுருங்கும், இழை சுருங்க மறுக்கும். வெளிச்சுமை வருமுன்பே உள்ளே பிணக்கு. 1999 நவம்பரில் அலபாமாவில் நடந்த சோதனையில், நிரம்பியிருந்தபோது தொட்டி தாங்கியது. காலி செய்து வெப்பம் திரும்பியபோதுதான் பிளந்தது. உட்தோலின் நுண்வெடிப்புகள் வழியே தேன்கூட்டு நடுப்பகுதியில் புகுந்திருந்த ஹைட்ரஜன் விரிந்து வெளித்தோலைப் பெயர்த்துவிட்டது. 2001இல் திட்டமே கைவிடப்பட்டது.

முதலில் வெடித்தது பிசின். பிசின் மின்சாரம் கடத்தாது. இழை நெடுக அளப்பவனுக்கு அதன் வெடிப்பு அநேகமாகக் கேட்காது. குறுக்கே அளந்தால் கொஞ்சம் கேட்கும். போதாததற்கு, குளிரே கார்பனின் தடையைக் கூட்டிவிடும் – காயமில்லாத முனகல்.

கவிஞனை நுண்ணுணர்வாளன் என்று நாம் கொண்டாடுவதிலும் இந்தக் கோணல் உண்டு. அவன் கடத்துகிறவன், அவ்வளவுதான். அவனுக்கே வலி அதிகம் என்பதற்கு அது சாட்சியமாகாது.

நான் இதை எழுதும் இடையஞ்சாவடியில் குளிர் என்பது வெறும் வதந்தி. இந்தச் செம்மண் மேட்டிலிருந்து இறங்கிக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளம். பாத்தியில் உப்பு வாருகிறவரிடம் கால் எரியவில்லையா என்றால் 'பழகிடுச்சு' என்பார். இந்தப் பதிலை நலம் என்று குறித்துக்கொள்வதா, சேதம் என்றா? தோல் மரத்துப்போவதும் சேதம்தானே. கேட்காத வலிக்கு நான் பொறுப்பில்லை என்று வாதிடலாம். ஆனால் எங்கே அளப்பது என்று முடிவு செய்தவன் பிசின் அல்ல, நான்.

ஐப்பசி மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நிற்கும். கால் வெடிப்புகள் எரியத் தொடங்குவது அப்போதுதானா என்று கேட்க நினைத்திருக்கிறேன்.