பசித்த பிள்ளைக்குச் சாத்திர தானம்

ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் எனத் தானம் நால்வகைப்படும் என்பது அறவோர் அறிந்ததே. கல்வியே மேலானது எனக் கருதி, பள்ளி திறக்கும் காலத்தில் ஏழைப் பிள்ளைகட்குக் குறிப்பேடும் சீருடையும் வழங்குவோர் நம்முள் பலர். அது நற்செயலே. ஆயினும், பெறுபவரால் ஏற்க இயலாத போது தானம் நிறைவுறுமா?

“இப்பிள்ளை மந்தம் அம்மா” என்று ஆசிரியப் பயிற்சி மாணவியர் குறைப்படுவர். மந்தம் என்பதைக் குணமென்றே கொள்கிறோம். பல வேளைகளில் அது உடலின் நிலை. இரும்புச்சத்துக் குறைந்தால் குருதி சுமக்கும் உயிர்வளி குறையும். சோர்வு மிகும், கவனம் சிதறும். குடற்புழுக்களோ உண்டதன் பயனையும் கவர்ந்துவிடும். 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது; நால்வருள் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் பெறவில்லை. அக்குழந்தைகளே பின்னர் முதல் வகுப்பில் வந்து அமர்கின்றனர். அவர்களை மந்தமென்பது, பிறர் குறையை அவர்கள்மேல் சுமத்துவதாகும்.

நம் நாட்டார் இதனை உணராதவரல்லர். 1920இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பகலுணவு அளித்தது. 1956இல் காமராசரும், 1982இல் எம்.ஜி.ஆரும் அதனை விரிவாக்கினர். ஆயினும் பகலுணவுக்கு முன்னரே காலைப் பாடங்கள் முடிந்துவிடும். சங்கரன்கோவிலைச் சூழ்ந்த சிற்றூர்களில், விடியுமுன் பூப்பறிக்கச் செல்லும் தாய்க்கு அடுப்பு மூட்ட நேரமேது? 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. கணக்குப் பாடம் தொடங்குமுன் வயிறு நிறைவதே அதன் சிறப்பு.

நமக்கு அருகிலுள்ள கழுகுமலையில் துறவியர்க்கு உணவளிக்க அறக்கட்டளை வைத்த செய்தியைக் கல்வெட்டு கூறும். அவருள் சித்தாந்தம் உரைப்போரும் அடங்குவர். கற்பிப்போர்க்கே உணவு வேண்டுமென முன்னோர் உணர்ந்திருக்க, கற்கும் குழந்தைக்கு அது வேண்டாவோ?

“அரசு செய்கிறதே, நமக்கென்ன?” எனச் சிலர் வினவலாம். கோடை விடுமுறையில் பள்ளியோடு பள்ளியுணவும் நின்றுவிடுகிறது. புழுநீக்க மாத்திரை வழங்கும் நாளில் வாராத பிள்ளை விடுபட்டுப் போகிறது. இரவு உண்டதா, கரும்பலகை கண்ணுக்குத் தெரிகிறதா என வினவ, அருகிலிருப்பவரால்தான் இயலும்.

நாம் விரும்பி ஏற்கும் உண்ணாநோன்பு தவம். குழந்தைமேல் வந்து விழும் பசி வெறும் துன்பம். கவனமின்மையால் பிற உயிர்க்கு நேரும் துன்பமும் இம்சையே என்பது நம் நூற்கொள்கை. ஆதலின், அடுத்த முறை குறிப்பேடு வழங்கும் அன்பர்கள், “காலையில் என்ன உண்டாய்?” என்றும் அப்பிள்ளையைக் கேட்பாராக. விடையைக் கேட்டபின், தாம் செய்ய வேண்டுவது யாதென அவர்கட்கே விளங்கும்.