பழுது பார்ப்பதும் துறவறமே



அரசர்கள் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரத்தை நாம் அதிகம் தியானிப்பதில்லை. யூதாவின் அரசர் யோவாசு, எருசலேம் கோவிலின் பழுதுகளைச் சரிசெய்யும் பொறுப்பைக் குருக்களிடம் கொடுக்கிறார். அவரது ஆட்சியின் 23ஆம் ஆண்டு வந்தும் வேலை நடந்தபாடில்லை. அப்போது குரு யோயாதா ஒரு பெட்டியின் மூடியில் துளையிட்டு, பலிபீடத்தின் அருகே வைக்கிறார். பெட்டியில் பணம் சேர்ந்ததும் அரசரின் எழுத்தரும் தலைமைக் குருவும் சேர்ந்தே எண்ணுகிறார்கள். அது தச்சருக்கும் கொத்தருக்கும் கல் வெட்டுவோருக்கும் போகிறது. அந்தக் காணிக்கையில் வெள்ளிக் கிண்ணமோ எக்காளமோ செய்யவில்லை என்பதையும் விவிலியம் மறக்காமல் குறித்து வைத்திருக்கிறது. மரமும் கல்லும் வாங்கினார்கள், கூலி கொடுத்தார்கள், பழுதுகளைச் சரிசெய்தார்கள்.

ஒழுகும் கூரையைச் செப்பனிடுவதைக்கூட இறைவார்த்தை பதிவு செய்கிறது என்றால், அது இறைவனுக்கு முக்கியமான காரியம் என்றுதானே பொருள்? செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை திருச்சபை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வாழும் நமக்கு அது ஐப்பசி மழைக்கு முந்தைய காலமும்கூட. இந்த நாள்களில், நம் பகுதிக் கன்னியர் மடங்களைப் பழுது பார்ப்பது பற்றியும், அங்கே தண்ணீரையும் மின்சாரத்தையும் வீணாக்காமல் வாழ்வது பற்றியும் சிந்திக்க உங்களை அழைக்கிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் மறக்க முடியுமா? மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கரை புரண்டன. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே வெள்ளம் ரயில் பாலத்தைத் தொட்டதால் ரயில்கள் நின்றன. அதற்கு முன் 2011 டிசம்பர் 30இல் தானே புயல். இத்தகைய இரவுகளில் குடிசை இழந்தவர்கள் பள்ளிக்கூடத்தையும் கோவிலையும் மடத்தையும் தேடித்தான் வருகிறார்கள். பிறருக்கு அடைக்கலம் கொடுக்க வேண்டிய வீடு தானே ஒழுகிக்கொண்டிருந்தால் யாரை உள்ளே அழைப்பது?

பழைய மடம் ஒன்றின் மாடியில் ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரின் இடுக்கில் காக்கை எச்சத்தில் விழுந்த விதை அரசங்கன்றாக முளைத்திருக்கும். இரண்டு இலைதானே என்று விட்டுவிடுவோம். அதன் வேர் காரைக்குள் இறங்கி விரிசலை அகலமாக்கும். அடுத்த மழையில் தட்டோட்டின் இணைப்பு வழியே தண்ணீர் உள்ளே போகும். தேக்கு உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் அது உளுத்துப்போவது வெளியே தெரியாது. தெரியும்போது உத்தரத்தையே மாற்ற வேண்டியிருக்கும். அவசரத்தில் மேலே சிமெண்ட் பூசினால் சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் மருந்து. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் கலவை அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதும் ஓர் அறம்.

“ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்த சிஸ்டர்களுக்கு இவ்வளவு செலவு எதற்கு?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். ஆசிரியராகவோ செவிலியராகவோ ஓர் அருட்சகோதரி உழைத்துப் பெறுவதெல்லாம் சபைக்கே சேரும் என்கிறது திருச்சட்டம் 668. தனக்கென்று ஒரு ரூபாய் வைத்துக்கொள்ளாதவர்களின் உழைப்புதான் அந்தப் பொதுப்பணம். அதைத் தங்கள் இல்லத்தின் கூரைக்கும் கிணற்றுக்கும் ஒரு சபை ஒதுக்குவதை ஆடம்பரம் என்று சொல்ல முடியாது. ஒப்படைக்கப்பட்ட உடைமை எதுவும் அழியாமலும் சேதமடையாமலும் ஒரு நல்ல குடும்பத் தலைவரைப்போலக் காக்க வேண்டும் என்பது திருச்சட்டம் 1284 சுமத்தும் கடமை. புதுச் சேலைக்கு வழியில்லாத தாய் பழைய சேலையைக் கிழிசல் பெரிதாகும் முன்பே தைத்துக் கட்டுகிறாள். ஏழ்மையின் ஞானம் அதுதான். பராமரிக்காமல் பாழாக்கிவிட்டு, இடித்துப் புதிதாகக் கட்டுவது பணக்காரர்களின் பழக்கம்.

இந்த மடங்கள் எப்படி வந்தன என்பதையும் நினைத்துப் பாருங்கள். 1844இல் ஆயர் பொன்னான் தலைமையில் நடந்த புதுச்சேரி ஆயர் மன்றம், பெண் பிள்ளைகளின் கல்வியைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு அருட்தந்தை துபுய், மரியாவின் மாசற்ற இதயப் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பெண் பிள்ளை எழுதப் படிக்கக் கற்பதை வீடுகள் ஏற்காத காலம் அது. இத்தகைய சபைகளின் மடங்களை ஒட்டித்தான் நம் பாட்டிமார்களும் அம்மாக்களும் படித்த பள்ளிகள் எழுந்தன. அந்தச் சுவர்களுக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

புனித பிரான்சிஸ் அசிசியாரிடம், இடிந்துகொண்டிருக்கும் தம் வீட்டைச் சீர்செய்யும்படி புனித தமியானோ ஆலயத்தின் சிலுவையிலிருந்து ஆண்டவர் கேட்டார். பிரான்சிஸ் உடனே கல்லைச் சுமந்தார். கையால் சுவர் கட்டினார். திருச்சபையையே புதுப்பிக்கும் அழைப்பு அதற்குள் இருந்தது பின்னர்தான் அவருக்குப் புரிந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலும் இதே வழியைத்தான் காட்டுகிறது. அதை வாழ்ந்துகாட்ட 2021இல் தொடங்கிய செயல்திட்டத்தில் துறவற சபைகளுக்கும் தனி இடம் உண்டு. இந்த மடல் வருவதற்கு முன்பே இவ்வழியில் நடந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மன்றோ நகரின் அருட்சகோதரிகள் 1932இல் கட்டிய தங்கள் தலைமை இல்லத்தை இடிக்காமல் புதுப்பித்து 2003இல் முடித்தார்கள். பழைய சன்னல்களையும் கதவுகளையும் செப்பனிட்டு மறுபடி பொருத்தினார்கள். கைகழுவும் தண்ணீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்குத் திருப்பினார்கள்.

அந்த அளவு நம்மால் முடியாது என்று சொல்லிவிட வேண்டாம். ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர். மூவாயிரம் சதுர அடி மாடியில், மயிலத்தில் பெய்த அந்த ஒரு நாள் மழை மட்டும் 1 லட்சத்து 40 ஆயிரம் லிட்டரைத் தாண்டும். அதாவது 12 ஆயிரம் லிட்டர் டேங்கர் லாரி ஏறக்குறைய 12. அவ்வளவையும் பிடிக்க முடியாதுதான். கால் பங்கு கிணற்றுக்குள் இறங்கினாலும் கோடைக்கு அது வரம். 2003இலேயே தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. அப்போது தோண்டிய குழிகளில் எத்தனை இன்று மண் மூடிக் கிடக்கின்றன! அவற்றைத் தூர்வாரப் பெரிய பணம் தேவையில்லை. மாடியில் ஒரு கிலோவாட் சூரியத்தகடு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். சமையலறைக் கழிவு சாண எரிவாயுக் கலனுக்கும், பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்கும் போகட்டும். தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தில், தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் ஆண்டவர் மனிதரிடம் ஒப்படைத்த பணி இதுதான்.

அன்புக்குரியவர்களே, துறவற சபைகளுக்கு என் வேண்டுகோள்: ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் பராமரிப்புக்கென்று ஒரு தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டும் முன் பழைய மாடியில் ஏறிப் பாருங்கள். நம்பிக்கையாளர்கள் தந்த காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்டச் சொல்கிறது திருச்சட்டம் 1287. மக்கள் கொடுத்ததையும் செலவானதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள்.

பங்கு மக்களே, சிஸ்டர்கள் தங்கள் பங்கைப் போடும்போது நாம் வேடிக்கை பார்க்கலாமா? கொத்தனார், எலெக்ட்ரீசியன், பிளம்பர் எல்லாரும் நம் பங்கின் அன்பியக் குழுக்களில் இருக்கிறார்கள். பணம் கொடுக்க முடியாதவர்கள் ஒரு நாள் உழைப்பைக் கொடுங்கள். மழை தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை அன்பியமாகச் சேர்ந்து அருகிலுள்ள மடத்துக்குப் போங்கள். மாடியில் தேங்கிய சருகைப் பெருக்குங்கள், முளைத்த கன்றை வேரோடு எடுங்கள், மழைநீர்க் குழியைத் தூர்வாருங்கள். அதையே உங்கள் வீட்டிலும் செய்யுங்கள். இந்த ஆண்டு மழை வரும்போது நம் வீடுகளும் மடங்களும் தண்ணீரைச் சேமித்து வைக்கட்டும். நனைந்து வருபவர்களுக்குக் கதவைத் திறக்கட்டும். அதற்கான மனமும் பலமும் தந்து ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.