ராகம் முன்னா, சொல் முன்னா?

பட்டாபிராம் என்ற ஊர்ப் பெயருக்கு முடிசூடிய ராமன் என்று பொருள். அருணாசலக் கவிராயரின் (1711–1779) இசை நாடகமான ‘ராம நாடகம்’ எங்கே போய் முடியும் என்று அந்த ஊர்க்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரிலேயே முடிவு இருக்கிறது. இசை நாடகத்துக்குப் புதிதாக வருகிறவருக்கு இது பெரிய சௌகரியம். அடுத்து என்ன நடக்கும் என்ற கவலை இல்லாமல் காதைப் பாட்டுக்கே கொடுத்துவிடலாம். 1607-ல் மான்டுவாவில் மான்டவெர்டி அரங்கேற்றிய ‘ஓர்ஃபியோ’ ஓபராவும் அவையோர் முன்பே அறிந்த கிரேக்கப் புராணக் கதைதான்.

கதை தெய்வத்தைப் பற்றியதாகும்போது ஒரு சிக்கல் எழுகிறது. கேட்பவர் உருகுவது பொருளுக்கா, குரலுக்கா? குரலுக்கு என்றால் அது பக்தியாகுமா? தேவாலயப் பாட்டைக் கேட்டு அழுத புனித அகுஸ்தினார், பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அசைக்கும் நேரங்களில் தாம் பாவம் செய்வதாக எழுதினார். ஆனாலும் கோயிலில் பாட்டு வேண்டும் என்றே முடிவுசெய்தார்.

தமிழில் இந்தக் கேள்விக்கு உள்ளூர்ச் சாட்சி ஒன்று உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’க்குச் சிறப்புப்பாயிரம் கேட்டு மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் போனார். மொழியில் பிழைகள், கதையோ பெரியபுராணத்துக்கு மாறு என்று பிள்ளை தட்டிக்கழித்துவந்தார். ஒருநாள் திண்ணையில் காத்திருந்த பாரதியார் தம் போக்கில் பாட, கேட்ட பிள்ளை கரைந்துபோய்ப் பாயிரம் தந்தார் என்று பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். இலக்கணம் கரைகண்டவர் அன்று பாட்டுக் கேட்பதில் புதியவராக உட்கார்ந்தார் என்று சொல்லலாம். பிழைகள் பிழைகளாகவே இருந்தன.

இதை வைத்துச் சொல் தேவையில்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. புரியாத மொழியில் ஓபரா பார்ப்பவர்களுக்காக 1983-ல் டொராண்டோவில் மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகளை ஒளிரவிடத் தொடங்கினார்கள். தூய்மைவாதிகள் முகம் சுளித்தாலும் அந்த வழக்கம் உலகெங்கும் பரவியது. நந்தன் கதையில் சொல்லைக் கவனிக்காமல் விட்டால் இழப்பு இன்னும் பெரிது. சிதம்பரம் போக விடை கேட்டுக் கெஞ்சும் பண்ணையாளான நந்தனும், நாற்பது வேலி வயலை அறுத்துவிட்டுப் போ என்னும் எஜமானரான வேதியரும் பெரியபுராணத்தில் இல்லை. ராகத்தின் இனிமையில் அந்தக் கெஞ்சலே அழகாகிவிடுகிறது. அடிமைத்தனம் பக்தியின் அணிகலன்போலத் தோன்றிவிடுகிறது. ஆகவே முதல்முறை ராகத்துக்காகவும் மறுமுறை சொல்லுக்காகவும் கேட்பது நல்லது. தொடங்குவதற்கு, தண்டபாணி தேசிகர் நடித்துப் பாடிய 1942-ஆம் ஆண்டு ‘நந்தனார்’ திரைப்படம் எளிய வாசல்.

பெரியபுராணத்தில் வரும் சேக்கிழாரின் நந்தன் வேறு ஆள். கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுப்பது அவர் தொண்டு. கருவிகள் உள்ளே போயின. அவர் வாசலுக்கு வெளியே நின்று பாடி ஆடினார்.