எனக்கும்தான் மொட்டை, எனக்கு என்ன குடுப்பாரு?



முதல்ல நல்ல சேதி. வேலை கிடைச்சிடுச்சு. பதினோரு மாசமா வீட்டுல உட்கார்ந்திருந்தவனுக்கு கோயம்புத்தூர் சரவணம்பட்டியில ஒரு கம்பெனியில வேலை. பழைய சம்பளத்தைவிடக் கொஞ்சம் கம்மி, பரவாயில்லை. எனக்காக வேண்டிக்கிட்டவங்க நிறையப் பேர் இருக்கீங்க, எல்லாருக்கும் நன்றி. வேல்மாறல் 48 நாள் படிக்கிறதா ஆரம்பிச்சேன், 41-வது நாள் ஆஃபர் வந்தது. மீதி ஏழு நாளையும் விடாம முடிச்சேன். ஆஃபர் வந்த பிறகு படிச்ச அந்த ஏழு நாள்தான் ரொம்பக் கஷ்டமா இருந்தது, அது ஏன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

ஆஃபர் வந்த அன்னிக்கே ஸ்டேட்டஸ் போட்டேன். வேலோட படம், கீழே "48 நாள் நம்பிப் படிங்க, கேட்டதைக் குடுப்பான்" அப்படின்னு நாலு வரி. அந்த நாலு வரியைப் பத்தித்தான் இப்ப எழுத வந்தேன்.

திங்கக்கிழமை வேலையில சேரணும். அதுக்கு முன்னாடி சனிக்கிழமை பழனி போய் நேர்த்திக்கடனை முடிச்சேன். மொட்டை போட்டு, படியேறி, ராஜ அலங்காரம் பார்த்துட்டு, தேவஸ்தானக் கடையில ரெண்டு டப்பா பஞ்சாமிர்தம் வாங்கினேன். ஒண்ணு வீட்டுக்கு. இன்னொண்ணு கோயம்புத்தூர்ல ஆஸ்பத்திரியில இருக்கிற ஒரு பையனுக்கு.

எங்க தெரு அக்காவோட பையன். ஆறு வயசு. பேர் சொல்லல, அதுவும் முருகன் பேர்ல ஒண்ணுதான். கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு, ஐப்பசி சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினியா விரதம் இருந்து அக்கா பெத்த பிள்ளை. போன மாசம் காய்ச்சல் விடவே இல்லைன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணப் போனவனுக்கு ரத்தப் புற்றுநோய்ன்னு சொல்லிட்டாங்க. குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோய்கள்ல இதுதான் அதிகமாம். நல்லாக் குணமாகக்கூடிய வகைதான், பயப்படாதீங்க, ஆனா முழு வைத்தியத்துக்கு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். மாமா ஊர்ல வேலைக்குப் போயே ஆகணும், வாரக் கடைசியில வருவார். மத்த நாளெல்லாம் அக்கா தனியா.

ஞாயித்துக்கிழமை குளிச்சுட்டு, துவைச்ச சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். வார்டு வாசல்லயே கையைக் கழுவச் சொல்லி மாஸ்க் குடுத்தாங்க. பஞ்சாமிர்த டப்பாவை வெளியே எடுத்ததும் நர்ஸ் கையை நீட்டித் தடுத்துட்டாங்க. மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, எதுவும் வேகவைக்காதது. வெள்ளை அணு சுத்தமா இறங்கியிருக்கிற குழந்தைக்கு அதெல்லாம் இப்போ ஆகாதாம். விபூதிப் பொட்டலத்தையும் பிரிக்கவேண்டாம், தூசின்னு சொல்லிட்டாங்க. மலையில இருந்து தூக்கிட்டு வந்த ரெண்டு பிரசாதமும் பையிலயே இருந்துச்சு. நான் வெறுங்கையோட கட்டில் பக்கத்துல நின்னேன்.

மருந்துல முகம் நல்லா உப்பிப்போயிருந்துச்சு. தலைமுடி முழுசாக் கொட்டியிருந்துச்சு. என்னைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்புத் தாங்கல.

"மாமா, நீயும் மொட்டையா?"

"ஆமா கண்ணு. பழனியில போட்டேன்."

"எதுக்கு?"

"முருகன் எனக்கு வேலை குடுத்தாருல்ல, அதுக்கு."

கொஞ்ச நேரம் தலையைத் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தான். "எனக்கும்தான் மொட்டை ஆயிடுச்சு. எனக்கு என்ன குடுப்பாரு?"

அவன் அழுதுக்கிட்டுக் கேட்கல. கடையில விலை கேட்கிற மாதிரிக் கேட்டான். எனக்கு வாயே வரல. அக்காதான் "நீயே கேட்டு வாங்கிக்கோ சாமி"ன்னு சொல்லிப் போர்வையை இழுத்து விட்டாங்க.

அதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. கிளம்பும்போது வராண்டா வரைக்கும் கூட வந்த அக்கா மெதுவாக் கேட்டாங்க. "தம்பி, உன் ஸ்டேட்டஸ் பார்த்துத்தான் நானும் வேல்மாறல் ஆரம்பிச்சேன். இன்னிக்குப் பதினேழாவது நாள். அவனுக்குக் காய்ச்சல் ஏறின அன்னிக்கு ஒரு நாள் மட்டும் விட்டுப்போச்சு. மறுபடி ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கணுமா?"

"வேண்டாம்கா, அப்படியே தொடருங்க"ன்னு சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு என்ன தகுதி? யாரையும் கேட்டுச் சொல்லல. அவங்க முகத்தைப் பார்த்துட்டு வேற எதுவும் சொல்ல வரல, அவ்வளவுதான். ராத்திரி பூரா ஊசியும் டிரிப்ஸும் பார்த்துக்கிட்டு இருக்கிற ஒரு அம்மாவுக்கு, ஒரு நாள் தவறிட்டோமே, அதனாலதான் பிள்ளைக்குச் சரியாகலையோங்கிற பயத்தையும் சேர்த்துக் குடுத்தது நான் போட்ட ஸ்டேட்டஸ்.

ரூமுக்கு வந்து அதை அழிக்கலாம்னு போன எடுத்தேன். ஸ்டேட்டஸ் ஒரே நாள்ல தானாப் போயிருமே, எப்பவோ போயிடுச்சு.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. எனக்கு வேலை கிடைச்சது முருகன் இருக்கிறதுக்கு ஆதாரம்னா, அந்த வார்டு எதுக்கு ஆதாரம்? இதுக்கு நம்மகிட்ட ரெடியா மூணு பதில் இருக்கும். ஒண்ணு, முன்வினை. அக்காவோட சொந்தக்காரம்மா ஒருத்தங்க ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிட்டுப் போயிருக்காங்க. வினைக்கொள்கையை நான் மறுக்கல. ஆனா அது என் தப்பை நான் எண்ணிப் பார்க்கறதுக்கு உள்ளது. ஆறு வயசுப் பிள்ளையோட கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு அதைப் பேசறவங்களுக்கு நாக்கு எப்படி வருதுன்னு தெரியல. ரெண்டாவது, சோதனை. இதையும் நல்லா இருக்கிறவங்கதான் சொல்றோம். மூணாவது யாரும் வாய்விட்டுச் சொல்றதில்லை, நான் போட்ட மாதிரி வரிகளுக்குள்ள ஒளிஞ்சிருக்கு: நம்பிப் படிச்சா குடுப்பான். அப்போ குடுக்கலைன்னா? சரியா நம்பல, சரியாப் படிக்கல. அக்கா என்கிட்ட கேட்டது இந்தக் கேள்வியைத்தான்.

அதுக்காக, முருகன் குடுத்தான்னு சொல்லாம இருக்க எனக்கு வராது. பதினோரு மாசம் நான் பேசினது அவன்கிட்ட மட்டும்தான். சந்நிதியில நின்னு சொன்னா அது நன்றி. அதையே ஊருக்குச் சொல்லும்போது நன்றி எந்த இடத்துல விளம்பரமா மாறுது? இதுதான் எனக்குப் பிடிபடாம இருந்தது.

பிடிபடறதுக்கு முன்னாடி செவ்வாய்க்கிழமை வந்துடுச்சு. இதை எழுத வெட்கமா இருக்கு.

வேலையில ரெண்டாவது நாள். காலையில பத்தரைக்கு அக்கா போன். பையனுக்கு மூக்குல ரத்தம், பிளேட்லெட் 12,000-க்கு இறங்கிடுச்சு. சாதாரணமா ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கணும். அவனும் நானும் ஒரே குரூப். "தம்பி, வர முடியுமா?"

டிரெயினிங் ஹாலுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருந்தேன். உள்ள மேனேஜர் பேசிக்கிட்டு இருந்தார். ரெண்டாவது நாளே பெர்மிஷன் கேட்கணும். என் வாயில வந்தது இதுதான்: "அக்கா, இன்னிக்குச் செவ்வாய் விரதம். வெறும் வயித்துல எடுக்க மாட்டாங்களே."

சொன்னதுல பொய் இல்லை. விரதம்தான். வெறும் வயித்துல எடுக்கவும் மாட்டாங்கதான். கீழே இறங்கி கேன்டீன்ல நாலு இட்லி சாப்பிட்டிருந்தா முடிஞ்சிருக்கும். எனக்குப் பயம் வேலையைப் பத்தி. முன்னாடி நிறுத்தினது முருகனை. அக்கா "அய்யோ, விரதத்தைக் கெடுத்துக்காத தம்பி, நான் பார்த்துக்கறேன்"ன்னு சொன்னாங்க. அவங்க என்னை நம்பினாங்க, அதுதான் இன்னும் உறுத்துது.

பக்கத்துக் கட்டில் குழந்தையோட சித்தப்பா அன்னிக்குக் குடுத்தார். டைல்ஸ் ஒட்டுற வேலை அவருக்கு. ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்தார்.

சாயங்காலம் விரதம் முடிச்சுச் சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கல. எந்தச் சாமிக்காக நாள் பூரா பட்டினி கிடந்தேன்னு யோசிச்சா, அந்தச் சாமி குடுத்த வேலையைக் காப்பாத்திக்கறதுக்காகத்தான் கிடந்த மாதிரி இருந்துச்சு.

நக்கீரர் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். திருப்பரங்குன்றத்துல பூதம் 999 பேரைக் குகையில அடைச்சு வச்சிருந்தது, ஆயிரமாவது ஆளா இவர் சிக்கினார். திருமுருகாற்றுப்படை பாடினார், வேல் வந்து பாறையை உடைச்சது. சின்ன வயசுல இருந்து கேட்ட கதையில ஒரு விஷயம் அன்னிக்கு ராத்திரிதான் எனக்கு உறைச்சது. பாடினது ஒருத்தர், வெளியே வந்தது ஆயிரம் பேர். நீ படிச்சியா, எத்தனை நாள் படிச்சேன்னு மத்த 999 பேரை வேல் கேட்கல.

இன்னொண்ணு, ஆற்றுப்படைங்கிற பேர். பள்ளிக்கூடத்துல மார்க்குக்காகப் படிச்சது. பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்றவன், எதிர்ல பசியோட வர்ற இன்னொருத்தனைப் பார்த்து, நான் இங்க போனேன், நீயும் போன்னு வழி சொல்றது. பத்துப்பாட்டுல பாதி, அஞ்சு பாட்டு, இந்த வகைதான். கிட்டத்தட்ட நம்ம "முருகன் அருளால் கிடைச்சது" ஸ்டேட்டஸ் மாதிரிதானே? வள்ளல் குடுப்பான்னு அவங்களும்தான் சொல்றாங்க. ஆனா அதோட நிறுத்தறதில்லை. வழியில எந்த ஊர்ல யார் சோறு போடுவாங்க, எங்க தங்கலாம்னு ஒவ்வொண்ணாச் சொல்லுவாங்க. மலைபடுகடாம்ல எங்க குழி இருக்கு, எங்க பாம்பு இருக்கும்னுகூட வரும். எதிர்ல வர்றவனோட காலைப் பார்த்துப் பேசற பேச்சு அது. என்னோட நாலு வரியில வழியே இல்லை. என் பரிசு மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில நல்லாச் சாப்பிட்டுட்டுப் போனேன். ஆபீஸ் நண்பன் ஒருத்தனும் கூட வந்தான், அவனும் முருக பக்தன். அவனைத் திருப்பி அனுப்பிட்டாங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி கையில வேல் பச்சை குத்தியிருந்தான். பச்சை குத்தினா ஒரு வருஷத்துக்கு ரத்தம் எடுக்க மாட்டாங்களாம். நம்ம ஆட்கள்ல இது நிறையப் பேருக்குப் பொருந்தும், அதான் சொல்றேன். அலகு குத்தியிருந்தாலும் மறைக்காமச் சொல்லிடுங்க. எனக்கு டெஸ்ட் எல்லாம் பண்ணிட்டு உட்கார வச்சாங்க. ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆச்சு. ஒரு மெஷின் ரத்தத்தை எடுத்து, பிளேட்லெட்டை மட்டும் பிரிச்சுக்கிட்டு மீதியை நமக்கே திருப்பி விடுது. எடுத்த பிளேட்லெட் அஞ்சு நாள்தான் தாங்கும். அதனால முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்கவும் முடியாது. ஆள் வந்துக்கிட்டே இருக்கணும்.

முடிச்சுட்டு மேல போனா அக்கா வராண்டாவுல யாரோ ஒரு பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க. இடுப்புல குழந்தை, கையில ஃபைல், அழுது அழுது வீங்கின கண்ணு. புதுசா வந்திருக்காங்க. அக்கா சொல்லிக்கிட்டு இருந்தாங்க: "காப்பீட்டு அட்டைக்கு கீழ கவுன்டர்ல காலையிலேயே நின்னுருங்க. சுடுதண்ணி அந்தக் கடைசியில வரும். முடி கொட்டும்போது பயப்படாதீங்க, திரும்ப முளைச்சிரும். முதுகுல ஊசி போடற அன்னிக்கு மட்டும் வீட்டுல இருந்து யாராவது கூட இருக்கட்டும், தனியாத் தாங்காது."

பரிசு வாங்கிட்டுத் திரும்பி வர்றவங்கதான் வழி சொல்லுவாங்கன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அக்காவுக்கு இன்னும் எதுவும் கைக்கு வரல. பாதி வழியில நிக்கிறாங்க. கையில வேல்மாறல் புத்தகம், நடுவுல ஒரு பேப்பர் சொருகி வச்சிருந்துச்சு.

அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நின்னேன். அப்புறம் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொன்னேன். விரதம் காரணம் இல்லைக்கா, வேலை போயிருமோன்னு பயந்துட்டேன். அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "தெரியும் தம்பி"ன்னு மட்டும் சொன்னாங்க. அதுக்கு மேல மன்னிச்சேன்னும் சொல்லல, திட்டவும் இல்லை.

பையன் கேட்ட கேள்விக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை. அவனுக்குக் குணமாகணும்னு தினமும் வேண்டறேன், நீங்களும் வேண்டிக்கோங்க. அதை எத்தனை நாள், எந்த முறையிலன்னு இனிமே நான் யாருக்கும் சொல்லப்போறதில்லை. மேனேஜர்கிட்ட இந்த மாதிரி ஒரு குழந்தை இருக்கு, சில நாள் திடீர்னு போகவேண்டி வரும்னு திங்கக்கிழமை சொன்னேன். முகம் கொஞ்சம் மாறிச்சு. சரின்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. பார்க்கலாம்னார்.

பஞ்சாமிர்த டப்பா என் ரூம்ல அலமாரி மேல பிரிக்காம இருக்கு. நேத்து அக்கா போன்ல பையன் பேசினான்.

"மாமா, நீ அதைத் தின்னுட்டியா?"

"இல்லடா, உனக்குத்தான் வச்சிருக்கேன். உனக்கு அணு ஏறட்டும்."

"அதுக்குள்ள கெட்டுப்போச்சுன்னா?"

"புதுசு வாங்கிட்டு வர்றேன். உக்கடத்துல பஸ் ஏறினா மூணு மணி நேரம்தான்."

"அப்போ ரெண்டு டப்பா வாங்கு. பக்கத்து பெட் பாப்பாவுக்கும் அணு இல்லை."